கோதாரியன்: ஒரு முட்டைக்கள்ளனைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஒரு தொடர்கதை சொல்லி வருகிறேன். அதன் நாயகன் கோதாரியன்: மற்ற டைனோசர்களின் முட்டையைக் களவெடுத்துச் சீவிக்கிற ஒரு சின்ன டைனோசர். கதை கேட்டுப் போன பிள்ளைகள் அடுத்த கிழமை கேள்வியோடு வந்தார்கள். பிறகு தாய்மார் கேட்டார்கள். இப்போது பேப்பர் வாசிக்க வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார்மாரும் கேட்கிறார்கள். எல்லாம் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்வியை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். கற்பனை எது, கண்டெடுத்தது எது என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

"அக்கா, கோதாரியன் எண்டது உண்மையா இருந்ததோ, இல்லாட்டி உங்கட புளுகோ?"

புளுகுதான். அப்படி ஒரு விலங்கின் எலும்பை எவரும் எங்கேயும் தோண்டியெடுக்கவில்லை. பெயர்கூட நான் வைத்ததில்லை. முதல் பாகத்தில் ஒரு குழி முட்டையையும் அது குடித்து முடித்தபோது, முன்னுக்கு இருந்த ஒரு சின்னப் பெட்டை "கோதாரி விழுவான்" என்று பல்லைக் கடித்தாள். அன்றைக்கே பெயர் ஒட்டிவிட்டது.

ஆனால் கோதாரியனைச் சுற்றியிருப்பவை புளுகு இல்லை. அது களவெடுக்கிற முட்டைகள், அவற்றை இட்ட இராட்சதர்கள், போட்டிக்கு வருகிற பாம்பு எல்லாம் பாறைக்குள் இருந்து வந்தவை. அந்தச் சூழலில் இப்படி ஒரு கள்ளன் இருந்திருந்தால் எப்படிச் சீவித்திருக்கும் என்பதுதான் கதை.

"பாக்க என்ன மாதிரி இருக்கும்? படம் கீறித் தாங்கோவன்."

எனக்குப் படம் வராது. சொல்கிறேன், நீங்களே கீறுங்கள். மூக்கில் இருந்து வால்நுனி வரை இரண்டு மீற்றர், அதில் பாதிக்கு மேல் வால். நிமிர்ந்து நின்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சளவு. மெல்லிய, நீண்ட பின்னங்கால். முன்னங்கை கட்டை, பெரிய பிரயோசனம் இல்லை. வாயில் பல் கிடையாது, சொண்டுதான்.

இதை வெறுமனே யோசித்து எழுதவில்லை. நோவாசோர் என்றொரு சிறிய டைனோசர் குடும்பம் உண்டு. அதைச் சேர்ந்த லேவிசூக்கசின் சில முள்ளந்தண்டு எலும்புகள் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் எடுக்கப்பட்டு, 1933இல் பெயர் வைக்கப்பட்டது. அதே குடும்பத்தில் மடகாஸ்கரின் மாசியாகசோரசுக்குக் கீழ்ப்பற்கள் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. பிரேசிலில் இருந்து 2021இல் அறிவிக்கப்பட்ட பெர்தசோராவுக்குப் பல்லே இல்லை, சொண்டு மட்டும். காலை ஒன்றிடமும் சொண்டை மற்றதிடமும் எடுத்துக் கோதாரியனுக்குப் பொருத்தினேன். இந்தக் குடும்பத்துக்கு இறகு இருந்ததென்று காட்டும் புதைபடிவம் இல்லாதபடியால் இறகு வைக்கவில்லை. "இறகு இல்லாட்டி வடிவில்லை" என்று இன்னமும் குறை சொல்கிறார்கள்.

"ஏன் கதையைக் கொண்டுபோய் நர்மதையில வச்சனியள்? எங்கட யாழ்ப்பாணத்தில டைனோசர் இருக்கேல்லையோ?"

டைனோசர் காலத்தில் இந்த யாழ்ப்பாணமே இல்லை. நாங்கள் நிற்கிற சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. மயோசீன் தொடங்கியது சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன். பறவைகள் தவிர்ந்த டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இடையில் நாலு கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி. கீரிமலையிலும் நிலாவரையிலும் எவ்வளவு ஆழம் போனாலும் அந்தக் கல்லில் கடல் உயிர்கள்தான் வரும். இலங்கையில் டைனோசர் காலத்துப் பாறை அறவே இல்லை என்றில்லை. புத்தளம் பக்கம் தப்போவ, ஆண்டிகம என்ற இடங்களில் யுராசிக் படிவுகள் உண்டு. ஆனால் அவை பேர்பெற்றது இலை, தண்டுச் சுவடுகளுக்குத்தான்.

நர்மதைப் பள்ளத்தாக்கை எடுத்ததற்குக் காரணம் முட்டை. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் மட்டும் 92 கூடுகளும் 256 முட்டைகளும் இருப்பதாக 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முட்டைக்கள்ளனுக்குக் கதை எழுதுகிறவள் அதைவிட்டு வேறு எங்கே போவது? அப்போது இந்தியா ஆசியாவோடு ஒட்டவில்லை. நடுக்கடலில் தனித்தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இலங்கையும் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனதுதான்.

"பிள்ளை, எங்கட வளவில கிணறு வெட்டேக்க முட்டை மாதிரி உருண்டையா ஒரு கல்லு வந்தது. அது டைனோசர் முட்டையா இருக்குமோ?"

இருக்காது. மேலே சொன்ன சுண்ணாம்புக்கல் கணக்கே போதும். உருண்டைக் கல் தானாக உண்டாகும். ஒரு சிப்பித் துண்டையோ மணலையோ சுற்றிச் சுண்ணாம்பு படைபடையாகத் திரண்டாலே உருண்டை வந்துவிடும். முட்டை என்றால் மேலே ஓடு இருக்கவேண்டும்: ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்பில், மேற்பரப்பில் நுண்ணிய புள்ளிகளோடு, உள்ளே இருக்கிற கல்லில் இருந்து வேறுபட்டுத் தெரியும்.

இதில் ஏமாறுவது நாங்கள் மட்டும் இல்லை. 2020 ஒக்டோபரில் தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைகள் வெளிப்பட, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, பழைய கடலில் திரண்ட படிவுக் கற்கள் என்றார்கள். ஆனால் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில், செந்துறைப் பகுதியில் முட்டைக் கூட்டங்கள் கிடைத்ததாக 2009இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்திருந்தார்கள். அதனால் குன்னத்துச் சனம் நம்பினதில் பெரிய பிழை சொல்ல முடியாது.

மறுவளமாகவும் நடந்திருக்கிறது. தார் மாவட்டத்தின் பட்லியா ஊரில் வயல் காவலுக்கென்று "காகர் பைரவர்" ஆக வைத்துக் கும்பிட்டு வந்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று 2023 கடைசியில் செய்தி வந்தது. இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் எங்கள் ஒழுங்கை முகப்பு வைரவர் கல்லையும் ஒருக்கால் பார்க்கச் சொன்னார். பார்க்க மாட்டேன். அது வைரவர்.

"அவ்வளவு பெரிய முட்டையை அது என்னெண்டு தூக்கிக்கொண்டு ஓடும்?"

தூக்காது, உருட்டும். நர்மதை முட்டைகள் 15 முதல் 17 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டைகள். ஒரு நல்ல பனங்காய் அளவு. கணக்குப் பார்த்தால் உள்ளே இரண்டு லீற்றருக்கு மேல் பிடிக்கும், கிட்டத்தட்ட நாற்பது கோழி முட்டை. நிறை இரண்டு கிலோவைத் தாண்டும். கட்டைக் கையை வைத்துக்கொண்டு அதைக் கட்டிப்பிடித்து ஓடுவதெல்லாம் காட்டூனுக்குச் சரி.

கோதாரியன் செய்வது இது. குழியை மூடியிருக்கிற மண்ணைப் பின்னங்காலால் மாறி மாறிப் பறிக்கும். ஒரு முட்டையின் முதுகு தெரிந்ததும் நிறுத்திவிட்டுத் தலையைச் சரித்துச் சுற்றிப் பார்க்கும். பிறகு சொண்டை முட்டைக்குக் கீழே கொடுத்து நெம்பி, குழியின் சரிவான பக்கத்தால் ஏற்றி வெளியே தள்ளும். ஏற்றும்போது ஈர மண் சொண்டில் அப்பிவிடும்; நடுவில் ஒருக்காத் தும்மும். தும்மினால் முட்டை திரும்ப உள்ளே உருண்டுவிடும். பிள்ளைகள் அதிகம் சிரிக்கிற இடம் அதுதான். அதனால் வேண்டுமென்றே இரண்டு தரம் தும்ம வைத்தேன்.

"பல்லும் இல்லையெண்டுறியள். பிறகெப்பிடி ஓட்டை உடைக்கிறது?"

பல்லில்லாமல் முட்டை உடைக்கிற விலங்குகள் இன்றைக்கும் இருக்கின்றன. ஆபிரிக்காவில் எகிப்தியக் கழுகு கல்லைச் சொண்டால் தூக்கித் தீக்கோழி முட்டைமேல் எறிந்து எறிந்து உடைக்கும். அங்குள்ள வரிக்கீரி, பல் இருந்தாலும், முட்டையை முன்னங்கையால் பிடித்துப் பின்னங்கால்களுக்கு நடுவால் பின்பக்கமாக எறிந்து கல்லில் மோத வைக்கும். ஆபிரிக்காவின் முட்டைதின்னிப் பாம்பு முழுசாக விழுங்கி, தொண்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற முள்ளெலும்புகளால் நெரித்து, சாற்றை உள்ளே விட்டுக் கோதை வெளியே கக்கும்.

கோதாரியன் வரிக்கீரியைப் பார்த்து எழுதப்பட்டது. முட்டையைக் கல்லடிக்கு உருட்டிப்போய், திரும்பி நின்று பின்னங்காலால் உதைக்கும். வெடிப்பு விழுந்ததும் சொண்டுநுனியால் கொத்திக் கொத்தி ஓட்டையைப் பெருப்பித்துக் குடிக்கும். பாதி மண்ணுக்குத்தான் போகும். கள்ளனுக்குச் சிக்கனம் தெரியாது.

"தாய் பாத்துக்கொண்டு நிக்காதோ? நாங்கள் அடைக்கோழியிட்டயே கை வைக்கேலாது."

முட்டை இட்டது தைரனோசோர் இல்லை, ரைற்றனோசோர்; சிறுபிள்ளைகள் இரண்டையும் குழப்புகிறார்கள். ரைற்றனோசோர் நீண்ட கழுத்துள்ள, இலைதழை தின்கிற இராட்சத விலங்கு. அது முட்டைமேல் குந்தினால் அன்றைக்கே எல்லாம் சட்னி. அதனால் ஆழமில்லாத குழி பறித்து, இட்டு, மண்ணால் மூடிவிட்டுப் போயிருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு குழியில் இருபது முட்டை வரை கிடைத்திருக்கிறது. கூடுகள் மிக நெருக்கமாக இருப்பதும் இதற்கு ஆதாரம்: அத்தனை பெரிய தாய்கள் நடுவில் கால்வைத்து நடமாட இடமே இல்லை.

காவல் இல்லாத முட்டை என்பதால்தான் கோதாரியனுக்குச் சீவியம் ஓடுகிறது. அதற்குப் பயம் தாயில் இல்லை, அதே முட்டைக்களத்துக்கு வருகிற மற்றவர்களில். குஜராத்தில் எடுக்கப்பட்டு 2003இல் பெயர் வைக்கப்பட்ட ராஜசோரஸ் அந்தக் காலத்து அங்கத்தைய பெரிய ஊனுண்ணி. கோதாரியன் மாதிரி ஒன்று அதற்கு ஒரு வாய்க்கும் காணாது.

"வருசம் முழுக்க முட்டை கிடைக்குமோ? கிடைக்காத மாசங்களில என்ன செய்யும்?"

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இது, கேட்டது ஒரு ஏழாம் வகுப்புப் பெடியன். முட்டையை மட்டும் நம்பிச் சீவிப்பது பெரிய கஷ்டம். எங்கள் ஊரில் முட்டை களவெடுப்பவர்களைப் பாருங்கள்: காகம், செம்பகம், உடும்பு, மரநாய், கீரி. ஒன்றுகூட முட்டையோடு நிற்பதில்லை. தவளை, பல்லி, எலி, பழம் என்று அகப்பட்டதைத் தின்று, முட்டை கண்டால் அதையும் எடுக்கின்றன. முட்டையை மட்டுமே தின்கிற ஆபிரிக்கப் பாம்பு, பறவைகள் கூடு கட்டாத மாதங்களில் பட்டினியாகவே கிடக்கும். பாம்புக்கு உடம்பு குளிர்ந்தது, செலவு குறைவு, தாங்கும். ஓடித்திரிகிற சின்ன டைனோசருக்குத் தாங்காது.

அதனால் கோதாரியனுக்கு இரண்டு சீவியம். முட்டைக் காலத்தில் பகலெல்லாம் முட்டைக்களம். மற்றக் காலத்தில் ஆற்றங்கரையில் தவளையும் பூச்சியும். முட்டைக் காலத்தில் தின்ற கொழுப்பு வாலில் ஏறும், பஞ்சத்தில் இறங்கும். கதையில் வாலின் மொத்தத்தைச் சொன்னாலே எந்த மாதம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முட்டைக் காலம் நீளமானது என்பதும் கள்ளனுக்கு வசதி. கோழிக்கு 21 நாள் அடை. ஆனால் டைனோசர்க் கருக்களின் பல்லில் நாளுக்கொன்றாக விழுகிற கோடுகளை எண்ணி 2017இல் வந்த ஆய்வின்படி, சின்ன புரோட்டோசெராட்டொப்ஸ் பொரிக்க மூன்று மாதம் அளவிலும், பெரிய ஹைப்பக்குரோசோரஸ் பொரிக்க ஆறு மாதம் அளவிலும் எடுத்திருக்கிறது. இந்த இரண்டும் ரைற்றனோசோர் குடும்பம் இல்லை; ஆனாலும் முட்டை மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும் என்று கதையில் வைக்க அது எனக்குத் துணிவு தந்தது.

"பிள்ளையளுக்குக் களவு பழக்கிற கதையல்லோ இது?"

அயல்வீட்டு மாங்காய்க்குக் கல்லெறிய எந்த டைனோசர் பழக்கினது?

"மகன்ர புத்தகத்தில ஓவிராப்டர் எண்டொரு முட்டைக்கள்ளன் இருக்கு. அதைப் பாத்துத்தானே எழுதினனியள்?"

இல்லை. இந்தப் பக்கத்தை எழுதவே அந்தப் புத்தகம்தான் காரணம். ஓவிராப்டர் கள்ளன் இல்லை. கள்ளனென்று பெயர் எடுத்த தாயோ தகப்பனோ.

நடந்தது இது. 1923இல் மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில், எரிபாறைகள் எனப்படும் செம்மண் பாறைச்சரிவில், ரோய் சப்மன் அன்ட்ரூசின் தலைமையில் போன அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் குழு ஒரு முட்டைக் கூட்டைக் கண்டது. அதற்கு நேர்மேலே ஓர் எலும்புக்கூடு. மண்டையோட்டுக்கும் முட்டைகளுக்கும் நடுவில் வெறும் 10 சென்ரிமீற்றர் மணல். அந்த இடத்தில் புரோட்டோசெராட்டொப்ஸ் எலும்பு ஏராளம், ஆகவே முட்டை அதனுடையது என்று முடிவுகட்டினார்கள். அப்படியென்றால் மேலே கிடந்தது யார்? களவெடுக்க வந்த இடத்தில் செத்த கள்ளன்! 1924இல் அந்த அருங்காட்சியகத்தின் தலைவர் ஒஸ்போர்ன் வைத்த ஓவிராப்டர் என்ற பெயரின் பொருளே முட்டை பறிப்பவன். இந்தப் பெயர் அந்த விலங்கின் குணத்தைப் பற்றித் தவறான எண்ணம் தரக்கூடும் என்று அதே கட்டுரையில் அவரே எச்சரித்தும் இருந்தார். எச்சரிக்கையை எவரும் படிக்கவில்லை, பெயரைப் படித்தார்கள்.

எழுபது ஆண்டு கழித்து, 1993இல் கோபியின் உக்கா தொல்கொட்டில் அதே வகை முட்டை ஒன்று உடைந்து கிடந்தது. உள்ளே கரு. அது புரோட்டோசெராட்டொப்ஸ் இல்லை, ஓவிராப்டரின் குடும்பக் குஞ்சு. 1995இல் அதே குடும்பத்தின் இன்னொரு எலும்புக்கூடு பற்றிய அறிக்கை வந்தது: முட்டை வளையத்தின் நடுவில் குந்தி, கால்களை மடித்து, இரு கைகளையும் முட்டைகளைச் சுற்றி விரித்தபடி மணலுக்குள் புதைந்து போனது. பின்னர் அதற்குச் சிற்றிபற்றி என்று பெயர் வந்தது. அடையிருந்தது தகப்பனாக இருக்கலாம் என்று 2008இல் இன்னொரு ஆய்வு சொன்னது. முட்டையிடும் பெண்பறவைகளின் எலும்பில் தெரிகிற அடையாளம் கூட்டில் இறந்த டைனோசர்களில் இல்லை. 2020இல் கடைசி ஆணியும் விழுந்தது. புரோட்டோசெராட்டொப்சின் முட்டைக்குத் தோல்போன்ற மெல்லிய ஓடாம். 1923இல் கண்டவை கெட்டி ஓட்டு முட்டைகள்.

"சரி. அப்ப ஓவிராப்டர் ஒரு முட்டையும் திண்டதில்லையெண்டு அடிச்சுச் சொல்லேலுமோ?"

ஏலாது. வழியில் அகப்பட்ட முட்டையை விட்டுவிட்டுப் போகிற விலங்கு குறைவு. 1923இல் கிடைத்த அதே எலும்புக்கூட்டின் வயிற்றுப் பக்கம் ஒரு பல்லியின் எலும்பு இருந்தது. பல்லி தின்றது என்பதற்கு அது சாட்சி, முட்டை தின்றதற்குச் சாட்சி இல்லை. கூட்டுக்கு மேல் கிடந்ததை வைத்துத்தான் வழக்கே போட்டார்கள். கூடு அதனுடையது என்றான பிறகு வழக்கில் மிச்சம் ஒன்றுமில்லை.

"பிழையெண்டு தெரிஞ்சும் ஏன் பேரை மாத்தாமல் வச்சிருக்கினம்?"

விலங்குகளுக்குப் பெயர் வைப்பதில் முதலில் முறைப்படி வைத்த பெயரே நிற்கும். பொருள் பொருந்தவில்லை என்பது மாற்றக் காரணம் ஆகாது. மாற்றத் தொடங்கினால் முடிவே இராது.

"அப்ப உண்மையான முட்டைக்கள்ளன் ஒண்டும் அகப்படேல்லையோ?"

அகப்பட்டது, ஆனால் டைனோசர் இல்லை. குஜராத்தின் தோளி துங்ரியில் 1984இல் ஒரு பாறைத்துண்டு எடுக்கப்பட்டது. டைனோசர் முட்டையும் குஞ்சும் என்று பெட்டிக்குள் கிடந்தது. 2001இல் அதைத் திரும்பப் பார்த்தபோதுதான் குஞ்சு என்று நினைத்த எலும்புகளுக்குள் ஒரு பாம்பின் முள்ளந்தண்டு தெரிந்தது. 2010இல் சனஜே என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். மூன்றரை மீற்றர் பாம்பு, உடைந்த ரைற்றனோசோர் முட்டையைச் சுற்றிச் சுருண்டபடி. பக்கத்தில் அரை மீற்றர் நீளக் குஞ்சு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே மண்சரிவு மூடியிருக்கிறது.

நன்றாகக் கவனியுங்கள்: இந்தப் பாம்பின் வாய் இன்றைய மலைப்பாம்பின் வாயளவு விரியாது. பனங்காய் அளவு முட்டை உள்ளே போகாது. அது காத்திருந்தது முட்டைக்கு அல்ல, முட்டையை உடைத்து வெளியே வருகிற குஞ்சுக்கு. ஓவிராப்டர் கதையைக் கேட்ட ஒரு வாத்தியார், "அப்ப இந்தப் பாம்பும் தன்ர முட்டையைத்தான் சுத்திக் கிடந்ததோ?" என்று மடக்கினார். நல்ல மடக்கு. ஆனால் முட்டையின் ஓட்டு வகையும் குஞ்சின் எலும்பும் ரைற்றனோசோருடையவை. ஒரு தரம் இல்லை, வேறு கூடுகளிலும் இந்தப் பாம்பின் எலும்பு முட்டைகளோடு கிடைத்திருக்கிறது. கதையில் கோதாரியனும் சனஜேயும் ஒரே களத்தில் தொழில் செய்தாலும் முட்டைக் காலத்தின் தொடக்கம் கோதாரியனுக்கு, குஞ்சு பொரிக்கிற முடிவு சனஜேக்கு.

"கோதாரியனும் ஓவிராப்டரும் சண்டை பிடிச்சா ஆர் வெல்லும்?"

சந்திக்கவே முடியாது. ஒன்று ஆசியாவின் கோபியில், மற்றது கடல்நடுவே இந்தியத் தீவில். காலமும் சில பத்து இலட்சம் ஆண்டு பிந்தி முந்தி. மன்றாடினாலும் சேர்த்து எழுதமாட்டேன். சும்மா பேச்சுக்கு வைத்தாலும் சண்டை வராது: ஓவிராப்டர் 35 கிலோ அளவில், கையில் உகிரோடு கூட்டின்மேலேயே குந்தியிருக்கும். கோதாரியன் காவல் இல்லாத குழிக்குப் பழகினது. பார்த்துவிட்டுப் போய்விடும்.

"களவெடுத்த முட்டையைத் தின்னாமல் அடைவச்சுக் குஞ்சு பொரிக்கப் பண்ணி வளத்தா என்ன? பாவம் அக்கா."

ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பிள்ளையாவது கேட்கும். பொரிக்காது. கோழி முட்டையைப் பிரட்டிப் பிரட்டி விடவேண்டும். முதலை, ஆமை முட்டை மறுவளம். இட்டுக் கொஞ்ச நேரத்துக்குள் கரு முட்டையின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தலைகீழாக்கினால் செத்துப்போகும். முதலைப் பண்ணைக்காரர் கூட்டில் இருந்து முட்டை எடுக்கும்போது மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வது அதனால்தான். கொஸ்கொட ஆமைக் காப்பகங்களிலும் முட்டையை மணலுக்குள் திரும்ப வைப்பது இந்தக் கவனத்தோடுதான்.

மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போகிற டைனோசர்களின் முட்டையைப் பிரட்ட ஆளில்லை, ஆகவே அவையும் இந்தப் பக்கம் என்றே எடுக்கவேண்டும். கோதாரியன் முட்டையைக் கொண்டுபோகிற விதத்தை மேலே படித்தீர்கள்: உருட்டல், தும்மல், திரும்ப உருட்டல். கல்லடிக்குப் போய்ச் சேரும்போது வளர்க்க ஒன்றும் மிஞ்சியிராது.

"குயில் காகத்தின்ர கூட்டில முட்டை இடுற மாதிரி டைனோசரும் செய்திருக்குமோ?"

ஆய்வாளர்களே கேட்ட கேள்வி. உக்கா தொல்கொட்டில் ஓவிராப்டர் குடும்பக் கூடு ஒன்றுக்குள், அந்தக் கூட்டுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு குட்டி மண்டையோடுகள் கிடந்தன. ட்ரூடோன் என்ற வேறு குடும்பத்துக் குஞ்சுகள், பொரித்துக் கனநாள் ஆகாதவை. குஞ்சுகளுக்குத் தீனியாகப் பெற்றார் கொண்டுவந்து போட்டதா? குஞ்சுகளே முட்டை தேடி வந்து மாட்டினவையா? குயில் மாதிரி வேறொரு தாய் இரகசியமாக இட்டுவிட்டுப் போனதா? மூன்றும் சொல்லப்பட்டிருக்கின்றன. எனக்கு முதலாவதுதான் படுகிறது. குயில்வேலைக்கு அந்தக் குஞ்சின் முட்டை ஓட்டைக் கூட்டுக்குள் காட்டவேண்டும்.

"கோதாரியனும் முட்டை இடும்தானே? அதின்ர முட்டையை ஆர் களவெடுக்கிறது?"

இதைக் கேட்டவள் பத்து வயதுகூட ஆகாதவள். அடுத்த இரண்டு பாகமும் இந்தக் கேள்விக்குள் இருந்துதான் வரப்போகின்றன, ஆகவே முழுசாகச் சொல்லமாட்டேன்.

சிக்கலை மட்டும் சொல்கிறேன். கோதாரியனுக்கு உடம்பில் கொழுப்பு ஏறுவது முட்டைக் காலத்தில். கொழுப்பு ஏறினால்தான் தானும் முட்டையிடலாம். அதாவது ஊர் முழுக்க முட்டை கிடக்கிற அதே மாதங்களில் தன் கூட்டிலும் முட்டை. கூட்டில் குந்தினால் களத்துக்குப் போகமுடியாது, வால் மெலியும். களத்துக்குப் போனால் கூடு திறந்து கிடக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குந்தலாம். அதற்கு இரண்டும் ஒன்றையொன்று நம்பவேண்டும், நேரத்துக்குத் திரும்பி வரவேண்டும். முட்டை சிறியது என்பதால் சனஜேயின் வாய்க்குள் அது தாராளமாகப் போகும். மிச்சம் சனிக்கிழமை.

"முட்டைக்கு என்ன கலர் தீட்டுறது?"

ரைற்றனோசோர் முட்டைக்கு வெள்ளை. பழைய ஓடுகளில் நிறப்பொருள் தேடின ஆய்வு 2018இல் வந்தது. நீண்டகழுத்து இராட்சதர்களின் ஓட்டில் நிறம் அகப்படவில்லை. மண்ணுக்குள் மூடிவைக்கிற முட்டைக்கு நிறம் எதற்கு? ஓவிராப்டர் குடும்பத்துக்கு நீலப்பச்சை தீட்டுங்கள்: சீனாவில் எடுத்த ஹெயுவானியா முட்டையில் அந்த நிறப்பொருட்கள் அகப்பட்டன. அவற்றைக் கீறும்போது உருண்டையாகக் கீறவேண்டாம். நீளமான முட்டைகள், சோடி சோடியாக, வட்டமாக அடுக்கி நடுவில் இடம் விட்டிருக்கும்.

கோதாரியனின் முட்டைக்கு விரும்பின கலர் போடலாம். போன கிழமை ஒருத்தன் ஊதாவில் மஞ்சள் பொட்டு வைத்துக் கொண்டுவந்தான், அதையே வைத்துக்கொள்கிறேன்.